குமரியும் முகப்பொலிவும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களிலே, உப்புக்காற்று ஓயாது வீசும் மணற்றரைகளில், ஏனைய செடிகள் வாடி வதங்கும் கோடையிலும் பசுமை குன்றாது நிற்பது கற்றாழை. வீட்டு வாயிலிலே தலைகீழாகத் தொங்கவிடினும், மண்ணும் நீருமின்றிப் பலநாள் உயிர் தரிக்கும் அதன் இயல்பு கண்டு, திட்டி கழிக்கும் பொருளாகவும் நம்மவர் அதனைக் கொண்டனர். சித்த மருத்துவர் அதனைக் குமரி என வழங்கிக் கற்ப மூலிகைகளுள் ஒன்றாக வைத்து எண்ணினர். இன்று அதன் சோற்றை நாள்தோறும் முகத்திற் பூசும் வழக்கம் இளையோரிடையே பெரிதும் பரவியுள்ளது. அவ்வழக்கத்துக்குச் சான்றாகக் கூறப்படும் வரலாறு எத்துணை உண்மையுடையது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவள் என் வகுப்பு மாணவி ஒருத்தி. ஒருநாட் காலை அவள் முகம் சிவந்து தடித்த நிலையில் வந்தாள். வினவியபோது, வெட்டிய மடலை அவ்வாறே முகத்திற் தேய்த்ததாகவும், எகிப்திய அரசி கிளியோபாத்திரா செய்ததையே தானும் செய்ததாகவும் கூறினாள். மருந்திலே நேர்ந்த பிழைக்கு வரலாற்றிலே நேர்ந்த பிழை துணைநின்றது என்பதை யான் அன்று உணர்ந்தேன்.

கிளியோபாத்திராவின் கதையை விரித்தெழுதிய பண்டைய ஆசிரியருள் முதன்மையானவர் புளூட்டாக். அவர் நூலிலே அவ்வரசி கற்றாழை பூசியதாக ஒரு குறிப்பேனும் இல்லை. விற்பனையாளர் நாவிலே வளர்ந்த கதையை வரலாறெனக் கொள்ளுதல் தகாது.

உண்மை வரலாறு இதனினும் சுவையுடையது. கற்றாழை மடலிலே இருவேறு பொருள்கள் உள. தோலின் கீழே கசியும் மஞ்சள் நிறக் கைப்புப் பால் ஒன்று. உள்ளே நிறமின்றி வழுவழுப்பாயிருக்கும் சோறு மற்றொன்று. பண்டைய வாணிகத்திற் பெயர்பெற்றது முன்னையதே. அதனை உலர்த்திப் பெறும் கரும்பொருளையே நம் மருத்துவர் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் கூறுவர். கி. பி. முதலாம் நூற்றாண்டினதான ‘எரித்திரேயக் கடற் பெரிப்புளூஸ்’ என்னும் கிரேக்க வணிக நூல், தென்னரேபியாவின் கானே என்னும் துறையிலிருந்து அது ஏற்றுமதியானதைக் குறிக்கின்றது. அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த தியோசுக்கோரிதீசு என்னும் மருத்துவர், புண்ணை ஆற்றவும் மயிருதிர்வைத் தடுக்கவும் அது உதவும் என்றார். அது இந்தியாவிலிருந்து வருவதென்றும் எழுதினார். ஆயினும், இச்செடியின் தாயகம் அரேபியத் தீபகற்பமே என 2015 இல் வெளியான தாவரவியல் ஆய்வு காட்டுகின்றது. இந்து சமுத்திர வாணிகத்திலே பொருளும் பெயரும் கைமாறியதால் அம்மயக்கம் நேர்ந்தது போலும்.

மற்றுமொரு மயக்கமும் உண்டு. அகிற்கட்டையையும் கற்றாழையையும் ஆங்கிலர் ஒரே சொல்லாற் குறித்து வந்தனர். அதனால் விவிலியத்திற் கூறப்படும் நறுமணப் பொருளான அகிலைக் கற்றாழை என மயங்கியோர் பலர். மணமுடைய கட்டைக்கும் கைப்புடைய சாற்றுக்கும் யாது தொடர்பு?

நம் திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தர் வசமிருந்த காலத்திலே, 1768 இல், நிக்கொலாசு பேர்மன் என்னும் ஒல்லாந்த அறிஞர் இச்செடிக்கு ‘அலோ வேரா’ என்னும் பெயரை நிலைநிறுத்தினார். இவருடைய தந்தையார் யோகான்னசு பேர்மன், இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737 இல் நூல் வெளியிட்டவர். எனவே இன்று போத்தல்களிற் காணப்படும் அப்பெயர், நம் நாட்டுச் செடிகளை ஆராய்ந்த குடும்பமொன்றினின்று வந்ததாகும்.

சோற்றின் புகழோ மிக அண்மைக் காலத்தது. எக்ஸ்-கதிரால் தோலிற் புண்பட்டோர்க்குக் கற்றாழை மடல் பயன்பட்டமையை அமெரிக்க மருத்துவர் இருவர் 1935 இல் எழுதினர். வெட்டியெடுத்த சோறு விரைவிற் கெடுவது. அதனைக் கெடாது பேணும் முறைகள் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கைகூடிய பின்னரே முகப்பூச்சு வாணிகம் ஓங்கிற்று. சோற்றிலே நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் நீரே. எஞ்சியவற்றுள் பல்சர்க்கரைப் பொருள்கள் ஈரத்தைக் காக்க உதவுவன. ஆதலின் அது தோலைக் குளிர்வித்து மென்மையாக்கும். நிறத்தை மாற்றும், மூப்பை நீக்கும் என்பன மிகையே.

மஞ்சட்பாலோ தோலை உறுத்தவல்லது. என் மாணவிக்கு ஊறு செய்ததும் அதுவே. பேதிமருந்தாக அது விற்கப்படுவதையும் அமெரிக்க அரசு 2002 இல் நிறுத்தியது. நம் பாட்டிமார் மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்துப் பால் முழுவதும் வடிந்தபின், பலமுறை கழுவியே சோற்றை எடுத்தனர். அவ்வொழுக்கம் வெறும் வழக்கமன்று, அனுபவத்தின் முடிபாகும். முதலில் முன்கையிற் சிறிது பூசி, ஒருநாட் பொறுத்து, உறுத்தலில்லையெனக் கண்டபின் முகத்திற் பூசுதல் நன்று. தோல்நோயுடையோர் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

அம்மாணவியின் முகம் சில நாட்களில் தெளிந்தது. அவள் பின்னர் கேட்ட வினா ஒன்று: “பாட்டி கழுவச் சொன்னபோது நான் கேட்கவில்லை, கிளியோபாத்திரா என்றதும் ஏன் நம்பினேன்?” அவ்வினாவுக்கு விடை தேடுதல் வரலாறு கற்போர் யாவர்க்கும் கடனாகும். தொலைவிலுள்ள பெயர் பெரிதெனத் தோன்றும். முற்றத்திலுள்ள அறிவோ எளிதெனத் தோன்றும். இரண்டையும் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே கல்வியின் பயன்.