கருத்தடை ஊசியும் பிறப்புறுப்பு ஹெர்பிஸும்: அறிய வேண்டியவை

படவேடு முதலிய ஜவ்வாது மலையடிவார ஊர்களில் வாழும் பெண்களும் அரசின் ‘அந்தரா’ கருத்தடை ஊசியைக் கட்டணமின்றிப் பெறலாம். 3 மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் இவ்வூசியில் புரோஜெஸ்டிரோன் போன்று செயல்படும் ஹார்மோன் உள்ளது. இது ஹெர்பிஸ் தொற்றுக்கு வழிவகுக்குமா என்னும் ஐயம் சிலருக்கு எழுவதுண்டு.

ஹெர்பிஸ் என்பது யாது?
இது பாலுறவின் வழியே பரவும் வைரஸ் தொற்று. பிறப்புறுப்பில் வலியுள்ள நீர்க்கொப்புளங்களும் புண்களும் தோன்றும். காவி எழுதப்படும் ‘அக்கி’ வேறொரு வைரஸால் வருவது. புண் இல்லாத நாள்களிலும் ஹெர்பிஸ் பிறருக்குப் பரவக்கூடும். இதற்குத் தடுப்பூசி இன்னும் இல்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?
கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சாரு கௌஷிக் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இதே வகை ஹார்மோன் ஊசி செலுத்தப்பட்ட எலிகள் 100 மடங்கு எளிதாகத் தொற்றுக்கு உள்ளாயின. மாறாக, ஈஸ்ட்ரோஜன் எலிகளின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதைப் பின்னர் அவர்கள் கண்டறிந்தனர். எனினும், இந்த ஊசியால் எலிகளின் பிறப்புறுப்பு உட்படலம் மிகவும் மெலிந்துவிடுகிறது. பெண்களிடம் அந்த அளவு மாற்றம் நிகழ்வதில்லை. எனவே எலிகளில் கண்ட முடிவை அப்படியே பெண்களுக்குப் பொருத்துதல் கூடாது. ஹெர்பிஸைத் தடுக்க ஹார்மோன் மாத்திரை உட்கொள்வதும் தவறு.

நீங்கள் செய்ய வேண்டியவை
• அச்சத்தால் ஊசியைத் தாமாக நிறுத்தாதீர்கள். விரும்பாத கருவுறுதல் நேரலாம். மாற்று முறை வேண்டுமெனில் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள்.
• இவ்வூசி கருவுறுதலை மட்டுமே தடுக்கும். பால்வினை நோய்களைத் தடுக்காது. ஆகவே ஆணுறையும் பயன்படுத்துங்கள். அது தொற்று அபாயத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது.
• கொப்புளமோ புண்ணோ உள்ளபோது பாலுறவைத் தவிருங்கள்.
• புண் தோன்றியவுடன் அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். அசைக்ளோவிர் மாத்திரை நோயின் காலத்தைக் குறைக்கும். வைரஸை உடலிலிருந்து அகற்றாது.
• அடிக்கடி புண் வந்தால், நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து குறித்துக் கேளுங்கள். அது துணைவருக்குப் பரவும் வாய்ப்பையும் குறைக்கும்.
• கருவுற்ற பெண்கள், குறிப்பாகக் கடைசி மாதங்களில், புண் தோன்றினால் உடனே தெரிவியுங்கள். பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். தக்க நேரத்தில் அறிந்தால் தடுக்க இயலும்.

துணைவர், குடும்பத்தினர் கவனத்திற்கு
முதல் தொற்று நேர்ந்து பல ஆண்டுகள் கழித்தும் புண் வெளிப்படலாம். ஆதலால் அதைக் கொண்டு ஒருவரது ஒழுக்கத்தை ஐயுறாதீர்கள். இருவரும் சேர்ந்து ஆலோசனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும்.