களத்தில் பிரிந்த நெல்

கும்மிடிப்பூண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். ஏரியும் வயலுமாக, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு ஊர்கள் இருந்தன; சிப்காட் வந்தது, உருக்காலைகள் வந்தன, ஊர் போயிற்று. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் போனால் அனல் மின் நிலையத்தையும் துறைமுகத்தையும் சேர்த்துக்கொண்டு இதையே சொல்வார்கள். கதையின் பிற்பாதியை மறுக்க முடியாது. முற்பாதிதான் இடிக்கிறது. விளைச்சலில் ஊரார் எல்லாருக்கும் பங்கு உண்டு என்கிற அந்தப் பழைய ஏற்பாடு, இங்கே முதல் ஆலைக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கணக்கேட்டில் தீர்க்கப்பட்டுவிட்டது. தீர்க்கப்படுவதற்கு முன்னாலும் அது நாம் நினைத்து ஏங்குகிற மாதிரி எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த மண்ணின் வரலாறு பிடிபடும்.

இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அதுவும் இந்தியாவின் வேறு பல வட்டாரங்களுக்கு வாய்க்காத அளவில். சென்னையைச் சுற்றியிருந்த நிலப்பரப்பை 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். பொன்னேரியும் பெரியபாளையமும் அதற்குள் அடக்கம். கையில் வந்தது என்ன என்று தெரிந்துகொள்ளக் கம்பெனி தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அளவைக்கு அனுப்பியது. 1767 முதல் 1774 வரை நடந்த அந்த வேலையில் ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரம் சேர்ந்தது. நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி, குட்டை, தோப்பு, நத்தம் எவ்வளவு, எந்தச் சாதியார் எத்தனை வீடு, யாருக்கு மானிய நிலம், யாருக்குக் களத்தில் எத்தனை மரக்கால் என்று ஊர் ஊராக எழுதியிருக்கிறது. ஆங்கிலச் சுருக்கம் சென்னை ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அடிப்படையான ஓலைக்கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இந்த ஆவணங்களை நம் காலத்துக்கு நினைவூட்டியவர் வரலாற்றாய்வாளர் தரம்பால். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊர் வரலாற்றைத் தொடங்கும்போது 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏட்டையும், 1538 முதல் திருச்சபைகள் வைத்திருந்த திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளையும் பெருமையாக எடுத்து வைப்பார்கள். டூம்ஸ்டேயில் பிரபுவின் உடைமையும் அதில் உழைத்த குடிகளின் எண்ணிக்கையும் உண்டு. அறுப்பு முடிந்த அன்று ஊர்க் கொல்லனுக்கும் வண்ணாருக்கும் என்ன போயிற்று என்பது அதில் கிடைக்காது. பர்னார்டின் கணக்கில் கிடைக்கிறது.

அந்தப் பங்கீடு நடந்த இடம் களத்துமேடு. நெல்லைப் போரடித்துத் தூற்றி அம்பாரமாகக் குவிப்பார்கள். அளக்கும் நாள்வரை யாரும் கைவைக்காதபடி குவியலின் மேல் களிமண்ணை அப்பி மர முத்திரையால் குறி போடுவதுண்டு. குறி கலைந்திருந்தால் காவல் இருந்தவன் பதில் சொல்ல வேண்டும். மரக்கால் உள்ளே போனதும் முதலில் பிரிவது சர்க்காரின் வாரமும் அல்ல, உழுதவன் வாரமும் அல்ல. மொத்தக் குவியலிலிருந்து சுதந்திரம், மேரை என்ற பெயர்களில் ஒரு வரிசை அளவுகள் எடுக்கப்படும். கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, ஏரி மதகைத் திறந்து அடைப்பவருக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, நாவிதருக்கு, வெட்டியானுக்கு, பஞ்சாங்கக்காரருக்கு. மிச்சத்தைத்தான் சர்க்காருக்கு மேல்வாரம், உழுதவனுக்குக் குடிவாரம் என்று பிரிப்பார்கள். பிரித்த பிறகு குடிவாரத்திலிருந்து இன்னொரு சுற்று மேரை போகும். இந்த முன்பின் சாதாரண விஷயம் அல்ல. மொத்தத்திலிருந்து எடுத்தால் அந்தச் செலவை அரசும் சேர்ந்து சுமக்கிறது. குடிவாரத்திலிருந்து எடுத்தால் உழவன் மட்டும் சுமக்கிறான். கொல்லனின் பங்கு இரண்டில் எதில் வருகிறது என்பதை வைத்தே அவன் ஊருக்குக் கொல்லனா, ஒரு மிராசுதாரருக்குக் கொல்லனா என்று சொல்லிவிடலாம்.

நிலத்தைப் பிடித்திருந்த விதமும் தனி உடைமை அல்ல. காணியாட்சிக்காரர்கள், அதாவது மிராசுதாரர்கள், ஊரை இத்தனை பங்கு என்று வகுத்து வைத்திருந்தார்கள். சில ஊர்களில் பங்கு நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டது; அது அறுதிக்கரை. வேறு ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வயல்கள் கைமாறும், அது பசுங்கரை. மேட்டு வயலும் மடைவாய் வயலும் ஒருவனுக்கே நிலைத்துவிடக் கூடாது என்கிற கணக்கு அதில் இருக்கிறது. சென்னைக் கலெக்டராக இருந்த எஃப்.டபிள்யூ. எல்லிஸ் 1816இல் மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய பதிலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று அதே ஆண்டில் எழுதியவரும் அவர்தான். மொழி ஆராய்ச்சிக்காக நாம் கொண்டாடும் எல்லிஸ், நில உரிமையைப் பற்றி எழுதிய எல்லிஸை மறைத்துவிட்டார் என்று எனக்குப் படுகிறது. இங்கிலாந்திலும் இதன் சாயல் இருந்தது. பொதுநிலத்தை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய வேலியடைப்புச் சட்டங்கள் வரும்வரை அங்கே பல ஊர்களில் பெருவயல்கள் கீற்றுக் கீற்றாகப் பங்கிடப்பட்டிருந்தன. திருச்சபைக்குப் பத்தில் ஒரு பங்கு விளைபொருளாகவே போயிற்று. 1836இல்தான் அது பணமாக மாற்றப்பட்டது. ஆனால் அங்கே குவியலிலிருந்து முறையாகப் பங்கு பெற்றது முக்கியமாகத் திருச்சபை. இங்கே குயவரும் பெற்றார்.

வரி வசூலிக்க வந்தவன் எழுதிய கணக்கை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பர்னார்டு எழுதியது தன் கற்பனையை அல்ல. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் தந்ததை. வரிக்காரனுக்கு ஒரு பயனும் இல்லாத வரிகள் அதில் நிறைய உண்டு: எங்கோ இருக்கிற பெரிய கோயிலுக்குப் போகிற சில மரக்கால், பல ஊர்களுக்குச் சேர்த்துக் காவல் இருந்த பாளையக்காரரின் பங்கு. இவை கம்பெனிக்கு வரவேண்டியதைக் குறைக்கிற செலவுகள். அவற்றை இட்டுக்கட்ட கம்பெனிக்குக் காரணம் இல்லை. கணக்குப்பிள்ளைக்குக் காரணம் இருந்திருக்கலாம் என்பார்கள். ஊர்ச் செலவை ஏற்றிக் காட்டினால் சர்க்கார் வாரம் குறையும். சரிதான். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் இத்தனை ஊர்களில் ஒரே மாதிரியான பட்டியல் வருகிறதென்றால், அளவில் பொய் இருந்தாலும் அமைப்பில் பொய் இல்லை. இதே பட்டியல் இன்னொன்றையும் உடைக்கிறது. கம்பெனி அதிகாரிகளான மன்றோ 1806இலும் மெட்காஃப் 1830இலும் இந்தியக் கிராமத்தைச் சின்னஞ்சிறு குடியரசு என்று வருணித்தார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் 1812ஆம் ஆண்டு ஐந்தாம் அறிக்கை வழியாக அந்தச் சித்திரம் மார்க்ஸ் வரை போய்ச் சேர்ந்தது. பிறர் உறவே வேண்டாத தனித்தீவாக ஊர் இருந்தது என்பது அதன் சாரம். தொலைதூரக் கோயிலுக்கும் பாளையக்காரருக்கும் நெல் அளந்த ஊர் தனித்தீவாக எப்படி இருந்திருக்கும்? பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த சென்னைத் துபாஷிகள் மிராசுப் பங்குகளை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொன்னேரிக்குச் சற்று வடகிழக்கே பழவேற்காட்டில் 1613 முதல் டச்சுக் கோட்டை இருந்தது. உள்நாட்டு நெசவாளர்கள் நெய்த துணி அங்கிருந்து கப்பல் ஏறியது.

இன்னும் கனமான கேள்வி சேரியைப் பற்றியது. உழைப்பில் பெரும்பங்கு யாருடையதோ அவர்களுக்குக் காணியாட்சியில் பங்கு இல்லை. பறையருக்குக் களத்தில் மேரை உண்டு. ஆனால் பசுங்கரையில் சீட்டுப் போடும்போது அவர்கள் பெயர் இருக்காது. அவர்களில் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும் கூடிய அடிமைகளாக இருந்ததை எல்லிஸ் காலத்து ஆவணங்களே சொல்கின்றன. அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு நின்றது 1843இல். அதற்குப் பிறகும் குடியிருக்கும் மனை மிராசுதாரருடையது என்பதால், கூலி கேட்டால் குடிசையைக் காலி செய் என்று சொல்ல முடிந்தது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய குறிப்பு இந்த நிலையைத்தான் விவரித்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கிய பஞ்சமி நில ஆணை 1892இல் வந்ததற்கு அதுவே வித்து. அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அடிப்படை அலகாக ஏற்க மறுத்தபோது மெட்காஃபின் வருணனையைத்தான் எடுத்துக்கொண்டு தாக்கினார். தரம்பால் வழிவந்தவர்கள் இதைச் சொன்னால் முகம் சுளிப்பதுண்டு. பழைய ஏற்பாடு சீராக இருந்தது, வெள்ளையன் ஆட்சியில்தான் எல்லாம் கெட்டது என்பது அவர்கள் வாதம். சீராக இருந்தது என்பதை ஏற்கலாம். ஏற்றத்தாழ்வும் சீராகவே இருந்தது.

அது எப்படி முடிந்தது? 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் ஜாகீரைப் பாழாக்கின. ஆனாலும் போர் ஊரைக் காலி செய்யுமே தவிர உரிமையைக் காலி செய்யாது. திரும்பி வந்தவர்கள் பழைய பங்கையே கேட்டார்கள். உரிமையைக் குறைத்தது நிர்வாகம். 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், மிராசுதாரர்களோடு வரிக்காக முட்டி மோதினார். 1802இல் ஜாகீர் மிட்டாக்கள் என்ற சிறு ஜமீன்களாக ஏலம் போயிற்று; அந்த ஏற்பாடு பெரும்பாலும் தோற்றது. பாளையக்காரரின் காவல் உரிமையை அரசு எடுத்துக்கொண்டது. கடைசியில் ரயத்துவாரி வந்தது: இந்த நிலத்துக்கு இவர் பட்டாதாரர், இவ்வளவு ரூபாய் தீர்வை, மற்றது அவர் பாடு. 1858இல் அமைந்த இனாம் கமிஷன், பல இனாம் (மானிய) நிலங்களை ஒரு சிறு வரி விதித்துத் தனிச்சொத்தாக மாற்றியது. வேலைக்காக ஊர் விட்டுவைத்த நிலமும் அந்தப் போக்கிலிருந்து தப்பவில்லை. நிலம் குடும்பத்திடம் நின்றது, வேலை கழன்றது. குவியலுக்கு முன்னால் ஊரே நிற்க வேண்டிய தேவை அரசுக்கு இல்லாமல் போயிற்று. இங்கிலாந்தில் பொதுநிலத்தைப் பறிக்க நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. இங்கே பட்டாவில் ஒரு பெயர் மட்டும் எழுதியதே போதுமானதாக இருந்தது.

1950களிலும் களத்தில் நாவிதருக்கும் வண்ணாருக்கும் நெல் அளந்தார்களே, அப்புறம் எப்படித் தீர்ந்தது என்கிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. அளந்தார்கள்தான். ஆனால் அது பட்டாதாரர் தன் நெல்லிலிருந்து கொடுத்தது. கூட்டலாம், குறைக்கலாம், அடுத்த அறுப்புக்கு வேறொருவரைக் கூப்பிடலாம். குவியல் பிரிவதற்கு முன்பே தன் அளவை எடுத்துக்கொண்டவனும், பிரிந்த பிறகு வாசலில் காத்திருந்தவனும் ஒரே நெல்லைத்தான் கொண்டுபோனார்கள், நிலை ஒன்றல்ல. இங்கிலாந்து விவசாயிகளையும் வேலியடைப்பையும் பற்றி 1907இல் நூல் எழுதிய கில்பர்ட் ஸ்லேட்டர், பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி அவர் தொகுத்த தென்னிந்தியக் கிராம ஆய்வு 1918இல் வெளியானது. பொதுவயலின் சாவை ஒரு நாட்டில் படித்தவர் இன்னொரு நாட்டில் வந்து இறங்கியபோது, கடன், துண்டு நிலம், கூலி என்று எண்ணத்தக்க கிராமம்தான் அவருக்குக் கிடைத்தது. பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளும் 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழிந்தன. சாதியில் வேரோடிய பதவிகள்; போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஓலையிலிருந்து தாளுக்கு வந்த ஒரு நீண்ட கணக்குத் தொடர் அதோடு அறுந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

நிலத்தில் தீர்ந்த முறை தண்ணீரில் தங்கியிருக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களின் பட்டினவர் மீனவர்கள் பாடு முறையை வைத்திருக்கிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல மீன்பிடி இடங்கள் முறை வைத்து மாறும். இன்று யார் சுத்துவலை கட்டலாம், நாளை யார் என்பதை ஊர் தீர்மானிக்கும். பசுங்கரையின் அதே கணக்கு. அதன் குறையும் அப்படியே: பாட்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் முறை, சேற்றில் கைவிட்டு இறால் தடவும் இருளருக்கு அதில் இடம் இல்லை. எண்ணூர்க் கழிமுகத்திலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்தபோது இழப்பீட்டுப் பேச்சில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, உங்கள் உரிமைக்கு என்ன பத்திரம் என்பது. பாட்டுக்குப் பத்திரம் கிடையாது. பாட்டில் இல்லாதவருக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்குள் பட்டாதாரரை மட்டும் வைக்காமல், மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், கைவினைஞர்களையும் சேர்த்தது. யார் யார் என்று கண்டுபிடிக்கச் சமூகத் தாக்க ஆய்வைக் கட்டாயமாக்கியது. தெரிந்தோ தெரியாமலோ, ரயத்துவாரி அழித்த பட்டியலை மறுபடி எழுதச் சொன்ன சட்டம் அது. தமிழ்நாடு அந்த ஆய்விலிருந்து தன் மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் ஒன்று. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் அந்தச் சட்டங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, திருவள்ளூர் மாவட்டத்தில் அடுத்த தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கும்போது பட்டாவில் இருக்கும் பெயருக்கு விலை பேசப்படும். அந்த நிலத்தை நம்பி வேறு யாரெல்லாம் உண்டார்கள் என்று 1767இல் ஒரு வணிகக் கம்பெனி கேட்ட கேள்வியை, அரசு கேட்டாக வேண்டிய கட்டாயம் இல்லை.