பதுக்கை: மேட்டிலிருந்து அறைக்கு

'பதுக்கல்' என்றதும் இன்று அரிசி மூட்டைதான் நினைவுக்கு வரும். 'பதுக்கு' என்ற அதே வினையடியில் பிறந்த 'பதுக்கை' சங்கப் புலவர்களுக்குப் பிணத்தின் மேல் எழுப்பிய கற்குவியல்.

புறநானூற்றின் 3ஆம் பாடலில் இரும்பிடர்த்தலையார், பாண்டியனை நாடி இரவலர் வரும் கடுவழியைக் காட்டுகிறார். மறவர் அம்பில் வீழ்ந்தவர்களின் புதுப் பதுக்கைகள் அங்கே கிடக்கின்றன. உன்ன மரத்தில் பருந்து வருந்தியிருக்கிறது. 264ஆம் பாடலிலோ பதுக்கையின் மதிப்பே வேறு. பரல் நிலத்தில் பதுக்கையோடு சேர்த்துக் கல் நட்டு, பெயர் பொறித்து, கண்ணியும் மயிற்பீலியும் சூட்டுகிறார்கள். வழியில் மாண்ட ஊர்பேர் தெரியாதவனுக்கும் போரில் பட்ட வீரனுக்கும் சொல் ஒன்றுதான். கல்லில் பெயர் பொறிப்பது வெறும் கவிக்கூற்று அன்று என்பதைத் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்கள் உறுதிப்படுத்தின.

இவ்விரு பாடல்களிலும் பதுக்கை தரைக்கு மேலே, கண்ணில் படும்படி இருக்கிறது. தொல்லியலாரின் 'கற்பதுக்கை' அப்படியன்று. குழி தோண்டி, நான்கு பலகைக் கற்களை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்தி, மூடுகல் வைத்த நிலத்தடி அறை அது. பல அறைகளில் கிழக்குப் பலகையில் வட்டமான இடுதுளை உண்டு. தரைமேல் எழும் அறைக்குக் 'கல்திட்டை' என்று பெயர். கற்பதுக்கையின் மேல் கல்லும் மண்ணும் குவித்து, சுற்றிலும் குண்டுக்கற்களால் வட்டமிட்டார்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் இத்தகைய ஈமக்காடு விரிந்து கிடக்கிறது. வட்டத்துக்குள் உள்ள அந்தக் குவியல்தான் புலவர் கண்ட பதுக்கைக்கு நெருக்கமானது.

ஆக, மேலே கிடந்த குவியலின் பெயர் கீழே உள்ள அறைக்குப் போயிருக்கிறது. மறைப்பது என்ற பொருள் இரண்டுக்கும் பொருந்துவதால் மாற்றம் உறுத்தவில்லை. குவியலின் கற்களை வரப்புக்கும் சுவருக்கும் சாலைக்கும் அள்ளிப் போனபின், அகழ்வோர் கையில் முழுமையாகச் சிக்கியது பெரும்பாலும் அறைதான். பெயரும் அதனோடு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த அறையை மனத்தில் வைத்து இரும்பிடர்த்தலையாரின் கடுவழிப் பாடலைப் படித்தால் வழி தவறும். அம்பு பட்டு வீழ்ந்த வழிப்போக்கனுக்குப் பலகைக்கல் செதுக்க யாரும் காத்திருக்கவில்லை. கைக்கு எட்டிய கல்லே அவனுக்குப் பதுக்கை.