வானம் பார்த்த தமிழரும் ஏடு பார்க்கும் தமிழரும்

தைத்திங்கள் நிறைமதி நாளில் பத்துமலைக்குச் செல்லாத தமிழ்க் குடும்பம் கிள்ளான் பள்ளத்தாக்கில் மிகச் சிலவே. கோலாலம்பூர்ச் செல்வர் கா. தம்புசாமிப் பிள்ளையவர்கள் முன்னின்ற காலத்தில், 1892-ம் ஆண்டில், அங்குத் தொடங்கிய தைப்பூசத் திருவிழா இன்று உலகறிந்த விழாவாகிவிட்டது. காவடி உண்டு, மேளம் உண்டு, மக்கள் வெள்ளத்திற்குக் குறைவில்லை. ஆனால் அவ்விழாவிற்குப் பெயர் தந்த பூசமீனை அன்றிரவு அண்ணாந்து பார்த்தவர் எத்தனை பேர்? முழுநிலா பூசமென்னும் மீன்கூட்டத்தின் அருகே நிற்கும் நாள் என்பதே தைப்பூசத்தின் பொருள். நம் ஊரில் அன்று நள்ளிரவில் அம்மதியும் மீனும் உச்சிக்கு அண்மையிலேயே நிற்கும். இலட்சக்கணக்கானோர் அதன்கீழ் நடந்து செல்கின்றனர். நிமிர்ந்து நோக்குவாரைக் காண்பது அரிது. நாளைக் குறித்துத் தந்த ஏட்டை நம்புகின்றோம். ஏடு எதனைக் குறித்ததோ அவ்வானத்தை மறந்தோம். இம்மறதி நமக்கு எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சிறிது ஆராய்வோமாக.

நம் முன்னோர் வானத்தைக் கண்ணாற் கண்டவர்கள். ஒன்றுக்கொன்று இடம்மாறாமல் நிற்பவற்றை நாள்மீன் என்றும், அவற்றினூடே இடம்பெயர்ந்து செல்பவற்றைக் கோள்மீன் என்றும் பகுத்தனர். வெண்மையாய் ஒளிர்ந்தது வெள்ளியாயிற்று; செம்மையாய் ஒளிர்ந்தது செவ்வாயாயிற்று; மங்கித் தோன்றிய சனி மைம்மீன் எனப்பட்டது. இப்பெயர்களில் அச்சம் ஏதுமில்லை, நிறமே உண்டு. கண்டதைக் கண்டவாறு சொன்ன பெயர்கள் இவை.

இதற்குச் சிறந்த சான்று, டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-ல் பழைய உரையோடு அச்சிட்டு உதவிய புறநானூற்றில், 229-ம் பாட்டாக உள்ளது. பாடியவர் கூடலூர் கிழார். பாடப்பட்டவன் கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பங்குனி மாதத்தின் முற்பாதியில் ஒரு நள்ளிரவு. உச்சியிலிருந்த மீன் சாய்கின்றது. அதற்கு எதிராக ஒரு மீன் எழுகின்றது. வேறொரு மீன் மறைகின்றது. அவை முறையே உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்று பழைய உரைகாரர் விளக்குகின்றார். அந்நேரத்தில் வானினின்று ஒரு மீன் தீச்சிதறி வீழ்ந்தது. அதனைக் கண்ட புலவரும் பிறரும் தம் அரசனுக்கு என்ன நேருமோ என்று நடுங்கினர். ஏழாம் நாள் அரசன் இறந்தான் என்பது பாட்டு.

இப்பாட்டில் இரண்டு செய்திகள் உள. ஒன்று காட்சி, மற்றொன்று அச்சம். இரண்டையும் தனித்தனியே சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமையாகும். முதலில் காட்சியை எடுத்துக்கொள்வோம். மார்ச்சு மாத நடுவில் பங்குனி பிறக்கின்றது. அம்மாதத்தின் முதல் நாட்களில், நம் கடிகாரத்தில் ஒரு மணிக்கு மேல் ஆனபோதுதான் கோலாலம்பூரில் ஞாயிற்றின் கணக்குப்படி நள்ளிரவு. அவ்வேளையில் கிள்ளான் கடற்கரையோரத்தில் இருள் நிறைந்த ஓரிடத்தில் நின்று பாருங்கள். சிம்மத்தின் வாலிலுள்ள உத்தரம் உச்சத்தைக் கடக்கும். கிழக்கில் தேளின் வாலாகிய மூலம் எழும். மேற்கில் மிருகசீரிடம் படியும். நம் மாதங்கள் மீன்களையே அளவாகக் கொண்டவையாதலால், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் அப்புலவரின் வானம் இன்றும் அவ்வாறே இருக்கின்றது. கடிகாரமும் தொலைநோக்கியும் இல்லாத ஒருவர் கண்ணொன்றையே துணையாகக் கொண்டு எழுதிய நாட்குறிப்பு இது! இதனினும் பெருமை தமிழுக்கு வேறு யாது வேண்டும்?

இனி அச்சத்தை எடுத்துக்கொள்வோம். வீழ்மீன் என்பது மீனன்று. விண்வெளியில் திரியும் சிறு கற்றுகள், காற்று மண்டலத்திற் பாய்ந்து ஒளிவிட்டு எரிவதேயாகும். தெளிந்த இரவு எதிலும் பொறுத்திருந்து பார்ப்பார்க்குச் சில தோன்றும். அத்தனைக்கும் அரசர் இறந்திருப்பின் உலகில் முடிதரித்தோர் ஒருவரும் எஞ்சியிரார். வீழ்ந்த மீன்கள் எண்ணற்றவை. அவற்றுள் ஒன்று ஒரு சாவுக்கு முன் வந்தது. அந்த ஒன்றையே மனம் பற்றிக்கொண்டது. சோதிடத்தின் வேர் முழுவதும் இவ்வளவே.

பழந்தமிழர் எல்லோரும் இவ்வாறு அஞ்சினாரல்லர். அதே புறநானூற்றில் 117-ம் பாட்டில் கபிலர் பேசுகின்றார். மைம்மீன் புகைந்தாலென், வால்மீன் தோன்றினாலென், வெள்ளி தென்றிசை ஓடினாலென், பாரியின் நாட்டில் மழை பிழைத்ததில்லை. அவன் செங்கோல் அத்தகையது என்பது அவர் கருத்து. நாட்டின் நன்மை தீமை வானத்துக் கோளினால் வருவதன்று, ஆள்பவன் கோலினால் வருவது என்று அன்றே துணிந்து கூறினார். கூடலூர் கிழாரின் கண்ணையும் கபிலரின் நெஞ்சையும் நாம் பெற்றிருக்க வேண்டும். ஆனால் கிழாரின் அச்சத்தை மட்டுமே போற்றி வளர்த்தோம்.

பிற்காலத்தில் வானநூல் ஏட்டுக்குள் புகுந்தது. நிலாவின் இடத்தைச் சிறு சிறு வாக்கியங்களாக அமைத்தனர். அவ்வாக்கியங்களில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். அத்தகைய வாக்கியங்கள் 248. நிலா பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையை ஒன்பது முறை சுற்றி அடைவதற்கு ஆகும் நாட்களும் அவையே. இவற்றை நெட்டுருச் செய்தவர் எழுதுகோலின்றியே கிரகணத்தைக் கணிக்கலாம். சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஜான் வாரன் என்பார் இதனை நேரிற் கண்டு, 1825-ல் வெளிவந்த ‘காலசங்கலிதம்’ என்னும் தம் நூலில் எழுதினார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, 1825 மே 31-ம் நாள் இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் அவர் கணக்கு நான்கு நிமிஷமே பிசகியது. நடுவில் 23 நிமிஷமும் முடிவில் 52 நிமிஷமும் பிசகின. வியக்கத்தக்க நினைவாற்றலே! ஆயினும் அக்கணக்கின் காரணம் அவருக்குத் தெரியாது. சொல் இருந்தது, பொருள் போயிற்று. ஆசிரியர் சொன்னதை மாணவர் சொன்னார். வானத்தோடு ஒத்திட்டுப் பார்ப்பது வழக்கொழிந்தது.

இதனைத் திருத்த முயன்றவரும் நம் நாட்டிலேயே தோன்றினார். சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-ல் தென்வானத்தில் ஒளி மாறும் மீன் ஒன்றைக் கண்டறிந்து புகழ்பெற்றார். 1874 டிசம்பர் 9-ம் நாள் வெள்ளி ஞாயிற்றின் முகத்தைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்கள் உணருமாறு இந்திய மொழிகள் பலவற்றில் நூல் வரச்செய்தார். பஞ்சாங்கம் கண்ணாற் காண்பதோடு ஒத்திருக்க வேண்டுமென வாதாடியவரும் அவரே. திருக்கணிதம் என்னும் பெயரிலுள்ள ‘திருக்’ என்பது வடமொழியில் பார்வை. வாக்கியம் என்பது சொல். பார்வைக்கும் சொல்லுக்கும் அன்று மூண்ட வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

அண்மைச் செய்தி ஒன்று கூறுவோம். சனி மீன இராசிக்குப் பெயர்வது 2025 மார்ச்சு 29 என்றது திருக்கணிதம். 2026 மார்ச்சு மாதம் என்றது வாக்கியம். திருநள்ளாற்றுக் கோயிலார் தாம் பின்பற்றுவது வாக்கியமே என அறிவித்தனர். வானத்திலோ சனி ஒன்றுதான். அது ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க இயலும். ஓராண்டு வேறுபடும் இரண்டு ஏடுகளையும் வைத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பரிகாரத்திற்குப் பணம் செலுத்தும் தொழிலாளியை நோக்கி நாம் கேட்பது இது: ஐயா, எந்தச் சனிக்கு அஞ்சுகின்றீர்? ஏட்டிலுள்ளதற்கா, வானிலுள்ளதற்கா? இன்னும் கொடியது செவ்வாய் தோஷம். சிவந்திருந்ததால் செவ்வாய் என்று பெயர்பெற்ற ஒரு கோள், கோடிக்கணக்கான கல்லுக்கப்பால் தன் வழியே செல்கின்றது. அதன் பெயரைச் சொல்லி, படித்துப் பண்புடைய பெண்ணை மணமின்றி வீட்டில் இருத்துகின்றோம். இது வானநூலா? பெண்ணுக்கு இழைக்கும் அநீதியன்றோ!

நம் அயலாரைப் பாருங்கள். பந்திங் அருகே ஜுக்ரா குன்றின்மேல் இஸ்லாமிய அன்பர்கள் நோன்புப் பிறையைத் தேடி நிற்கின்றனர். கணக்கும் கையிலிருக்க, கண்ணையும் அவர்கள் கைவிடவில்லை. நமக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. கோலாலம்பூரில் 1994-ல் திறக்கப்பட்ட தேசிய கோளரங்கம் உள்ளது. அதனினும் பெரிய அரங்கம் தலைக்குமேல் இலவசமாக விரிந்துள்ளது. விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, ரப்பர்க் காட்டுக்கு மேலே வெள்ளியைக் கண்ட பாட்டன் பாட்டியரின் பேரர் நாம். தோட்டங்கள் பல மறைந்தன. நகர விளக்குகள் மீன்களை மறைக்கின்றன. ஆயினும் பங்குனியில் ஓரிரவு பிள்ளைகளை இருண்ட திடலுக்கு அழைத்துச் சென்று, உத்தரத்தையும் மூலத்தையும் காட்டுவது எவர்க்கும் இயலும். வீழ்மீன் ஒன்று பாய்ந்தால், யாருக்கு என்ன கேடோ என்று சொல்லற்க. அதோ ஒரு கல் எரிந்தது என்று சொல்லுக. புறநானூற்றைப் பெற்ற இனத்தின் பிள்ளைகள் அன்று ஏட்டையும் படித்தவராவர்; வானத்தையும் படித்தவராவர்.