நியூட்ரலுக்கு ஒரு ரெசிஸ்டர்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். கதை, கவிதை எனக்கு வராது. தெரிந்தது எர்த்திங் ஒன்றுதான். அதன் வரலாற்றையே எழுதுகிறேன். மாணவத் தம்பி, தங்கைகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் முசரவாக்கத்துக்காரன். வீட்டில் பட்டுத் தறி. பாவில் ஒரு இழை அறுந்தாலும் அப்பா தறியை நிறுத்திவிடுவார். "இப்பவே முடிச்சுப் போடலைன்னா சேலை முழுக்கக் கோடு விழும்டா" என்பார். இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

1974 பிப்ரவரியில், ஜப்பானில் கட்டப்பட்ட 'சாகர் சாம்ராட்' ரிக், மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தூரத்தில் எண்ணெய் கண்டது. 1976 மே மாதம் பாம்பே ஹையில் உற்பத்தி தொடங்கியது. நடுக்கடலில் மின்வாரியக் கம்பி ஏது? மேடையிலேயே ஜெனரேட்டரை வைத்து மின்சாரம் தயாரிக்க வேண்டும். அப்போது ஒரு பழைய கேள்வி எழுந்தது: ஜெனரேட்டரின் நியூட்ரலை என்ன செய்வது?

ஆரம்ப காலத்தில் நியூட்ரலை எங்கும் கட்டாமல் விட்டார்கள். ஒரு பேஸ் பூமியைத் தொட்டாலும் சப்ளை நிற்காது. கப்பல்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்தது. புயலில் ஸ்டியரிங் மோட்டார் நின்றால் என்ன ஆவது! ஆனால் பழுதான இடத்தில் தீப்பொறி விட்டுவிட்டு எரிந்தால், கேபிள்களின் கெப்பாசிட்டன்ஸ் காரணமாக வோல்டேஜ் ஐந்தாறு மடங்கு வரை எகிறும். எங்கோ இருக்கும் நல்ல இன்சுலேஷனும் போய்விடும். இதை ஆராய்ந்த ஜெர்மானியர் வால்டெமார் பீட்டர்சன், 1916 வாக்கில் நியூட்ரலில் ஒரு காயிலை வைக்கும் வழியைக் கண்டார்.

சரி, நேராகவே எர்த் பண்ணிவிட்டால்? கரையில் சரி. ஜெனரேட்டரில் அது ஆபத்து. ஒரு பேஸ் எர்த் ஆனால் பாயும் கரண்ட், மூன்று பேஸும் ஷார்ட் ஆனால் வருவதைவிட அதிகமாகலாம். வைண்டிங்கை மாற்றிவிடலாம், ஸ்டேட்டர் கோரே உருகினால் மெஷினையே கிரேன் வைத்து இறக்க வேண்டும். அதுவும் பருவமழைக் கடலில்! நம் ஊரில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுக்கிறோம். மேடையிலோ காலடியில் இருக்கும் இரும்பே எர்த். பக்கத்திலேயே காஸ் பைப்.

ஆகவே நடுவழி, ரெசிஸ்டர். 11,000 வோல்ட் சிஸ்டத்தில் நியூட்ரலில் 16 ஓம் வைத்தால் எர்த் பால்ட் கரண்ட் 400 ஆம்பியருக்குள் அடங்கும். ரிலே உடனே டிரிப் செய்யும். 415 வோல்ட்டில் 48 ஓம் வைத்தால் 5 ஆம்பியர்தான். டிரிப் ஆகாது, அலாரம் மட்டும் அடிக்கும். ஆனால் ஒன்று: கேபிள்களின் சார்ஜிங் கரண்டைவிட ரெசிஸ்டர் கரண்ட் குறைந்தால் பழைய பேய் திரும்ப வரும். நான்கு ஜெனரேட்டர் சேர்ந்து ஓடினால் நான்கு ரெசிஸ்டர் கரண்டும் கூடும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி என் கதை. எந்தக் கடல், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம். 415 வோல்ட் போர்டில் எர்த் பால்ட் அலாரம் அடித்தது. நைட் ஷிப்டில் நான். அலாரத்தை அமர்த்தினேன். 'ஒரு பீடரில் எர்த், நாளை பார்க்கவும்' என்று லாக் புக்கில் எழுதினேன். உற்பத்தி நிற்கவில்லை; யாரும் கேட்கவில்லை. நாளை, நாளை என்று பதினோரு நாள் போயிற்று.

ஒரு பேஸ் எர்த் ஆகியிருக்கும்போது மற்ற இரண்டும் 240-லிருந்து 415 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். பன்னிரண்டாம் நாள் வேறொரு பீடரில் இன்னொரு பேஸ் போயிற்று. இரும்புத் தளம் வழியாக இரண்டு பேஸும் கைகோத்துக்கொண்டன. நியூட்ரலில் இருக்கும் ரெசிஸ்டர் அதை எப்படித் தடுக்கும்? பிரேக்கர் பெட்டி முன்னால் நின்ற எலக்ட்ரீஷியனின் வலது கை வெந்தது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். பிழைத்தார், இரண்டு விரல் மடங்காது. "விடுங்க சார், உங்க தப்பு இல்லை" என்றார். என் தப்புதான் என்று எனக்குத் தெரியும்.

லீவில் ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ரெசிஸ்டரும் தெரியாது, ரிலேயும் தெரியாது. "இழை அறுந்ததைப் பார்த்துட்டும் ஏண்டா நெய்தே?" என்று மட்டும் கேட்டார்.

தம்பி தங்கைகளே, ரெசிஸ்டர் நமக்குத் தருவது மன்னிப்பு அல்ல, அவகாசம். அலாரம் அடித்தால் அன்றைக்கே தேடுங்கள்.