பொன்னின் தரமும் மதிப்பும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் கேள்வியும்

கோலார் தங்கவயலின் பெரிய சுரங்கங்களை வடக்கிலிருந்து தெற்காக எண்ணினால் பாலகாட், நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் என்று வரிசை அமையும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால்வைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே வந்திருக்கிறது. அதை வெட்டியெடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். அத்தனை தங்கத்தைத் தோண்டித் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நகையை அடகு வைக்கும்போது, எதிரே இருப்பவர் சொல்லும் தரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். இந்த நிலை மாற அடிப்படை அறிவியலே போதும்.

ஒரு பொருள் பொன்தானா, அதில் எத்தனை பங்கு பொன், அது எவ்வளவு பெறும் என்ற மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒரு கேள்விக்கான சோதனையைக் கொண்டு இன்னொன்றுக்கு விடை சொல்லும்போதுதான் ஏமாற்றம் நேர்கிறது.

2. பாறையில் மின்னுவது

தங்கவயலில் பொன் பெரும்பாலும் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்புகளில் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகளாக இருப்பதே வழக்கம். ஆகவே கல்லில் பளபளவென்று மின்னுவது பெரும்பாலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டாகவே இருக்கும். இதைப் பிரித்தறிவது எளிது. பொன்னைச் சுத்தியால் தட்டினால் தகடாகும். பைரைட் நொறுங்கிப் பொடியாகும். மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் பொன் மஞ்சள் கோடு விடும். பைரைட் கரும்பச்சைக் கோடு விடும். இவ்வகைக் கற்களை வீட்டில் சூடாக்கிப் பார்க்கக் கூடாது. சிலவற்றில் ஆர்செனிக் கலந்திருக்கும், அதன் புகை நஞ்சு.

3. நீரில் நிறுத்தல்

தூய பொன்னின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். வெள்ளி 10.5, செம்பு 8.96, ஈயம் 11.3. பொருளைக் காற்றில் ஒருமுறை, நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடை பார்க்க வேண்டும். காற்றில் கண்ட எடையை, நீரில் குறைந்த எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

22 காரட் என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு பொன். மிச்சம் முழுவதும் செம்பு என்றால் அடர்த்தி 17.6 வரும், முழுவதும் வெள்ளி என்றால் 18.0 வரும். 18 காரட்டுக்கு இதே கணக்கு 15.0 முதல் 16.0 வரை போகிறது. ஆக, அடர்த்தி ஒரு வரம்பைத்தான் சொல்லும், துல்லியமான காரட்டைச் சொல்லாது.

பலரும் கவனிக்காத இன்னொரு குறை தராசில் இருக்கிறது. ஒரு பவுன் எடையுள்ள, அதாவது 8 கிராம் நாணயம் நீரில் 0.45 கிராம் குறைந்தால் அடர்த்தி 17.8. தராசு 0.01 கிராம் பிசகினால் விடை 17.4 ஆகவோ 18.2 ஆகவோ மாறிவிடும். நல்ல பொருளும் சந்தேகத்துக்கு ஆளாகும், குறைந்த பொருளும் தப்பிவிடும். அதே பிசகு 40 கிராம் நகையில் நேர்ந்தால் விடை 17.7க்கும் 17.9க்கும் இடையிலேயே நிற்கும். சிறு மோதிரத்தையும் மூக்குத்தியையும் சாதாரணத் தராசில் இப்படிச் சோதித்து முடிவு சொல்வது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. கல் பதித்த நகை, அரக்கு நிரப்பிய வளையல், உள்ளே கூடான மணி ஆகியவற்றுக்கும் இம்முறை உதவாது. டங்ஸ்டனின் அடர்த்தியோ 19.25, அதை உள்ளே வைத்துப் பொன் பூசிய கட்டி, இந்தச் சோதனையில் தேறிவிடும்.

காந்தச் சோதனைக்கு ஒரு வரி போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு போன்ற ஏதோ இருக்கிறது. ஒட்டாததால் எதுவும் உறுதியாகாது, செம்பும் ஈயமும்கூட ஒட்டாதவையே.

4. உரைகல்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இராசராசன் கொடுத்த பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்ததாகப் பதிவு செய்கின்றன. நிறுப்பதற்கு ஒரு கல் என்றால் மாற்று, அதாவது பொன்னின் தரம், அறிவதற்கு இன்னொரு கல். கருநிற உரைகல்லில் நகையை உரசி, அருகே தரம் தெரிந்த ஆணியை உரசி, இரண்டு கோடுகளையும் ஒப்பிடுகிறார் பொற்கொல்லர். பிறகு வெடியுப்புத் திராவகம், அதாவது நைட்ரிக் அமிலம் ஒரு துளி. செம்பும் வெள்ளியும் கரைய, பொன் கோடு நிலைக்கும். தேர்ந்த கண்ணுக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பிசகுவது இயல்பு. கனமான முலாம் பூசியிருந்தால், அரத்தால் சிறிது கீறி உள்பகுதியை உரசாதவரை உண்மை வெளிப்படாது.

5. நெருப்பின் தீர்ப்பு

சுரங்கத்தின் தலைவிதியைத் தீர்மானித்தது தர ஆய்வுக்கூடம். வெட்டுமுகத்திலிருந்து வந்த கல்லை மாவாக்கி, கூம்பாகக் குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை எடுத்துக் குறைத்துக்கொண்டே வருவார்கள். மாதிரி பிழைத்தால் பின்னால் செய்யும் அத்தனையும் வீண். எஞ்சிய மாவை ஈய ஆக்சைடு, சோடா, வெண்காரம், சிறிது கோதுமை மாவு சேர்த்து மூசையில் உருக்கினால், பிறக்கும் ஈயம் பொன்னையும் வெள்ளியையும் தன்னுள் வாங்கி அடியில் தங்கும். அதை எலும்புச் சாம்பலால் செய்த கிண்ணத்தில் மீண்டும் காய்ச்சுவார்கள். ஈயம் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் உறிஞ்சப்படும். செம்பும் அதோடு போகும். மிஞ்சுவது பொன்னும் வெள்ளியும் கலந்த ஒரு மணி. அதை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினால் வெள்ளி கரைந்து பொன் மட்டும் நிற்கும். மணியில் பொன்னைப்போல் சுமார் மூன்று மடங்கு வெள்ளி இல்லாவிட்டால் அமிலம் உள்ளே புக முடியாது. எனவே குறைந்தால் வெள்ளியைச் சேர்த்தே பிரிப்பார்கள்.

30 கிராம் கல்மாவில் 0.15 மில்லிகிராம் பொன் கிடைத்தால் டன்னுக்கு 5 கிராம். நிறுப்பதில் 0.01 மில்லிகிராம் பிழைத்தால் கணக்கு டன்னுக்கு மூன்றில் ஒரு கிராம் மாறும். தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமைத் தாண்டியிருந்த தங்கவயலின் தரம், இறுதி ஆண்டுகளில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது. அந்த நிலையில் இந்தச் சிறு பிழையே பத்தில் ஒரு பங்குக்கு மேல்.

நகையின் தரத்துக்கும் இறுதி ஆதாரம் இந்த நெருப்புச் சோதனைதான். ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் அது காட்டும். ஆனால் சோதிக்கும் துண்டு அழிந்துவிடும்.

6. எக்ஸ் கதிரும் முத்திரையும்

இன்று கடைகளில் உள்ள எக்ஸ் கதிர்க் கருவி, பொருளை அழிக்காமல் சில நொடிகளில் உலோகப் பங்குகளைச் சொல்கிறது. ஆனால் அது காண்பது மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே. முலாமும் பற்றவைத்த இடமும் அதைக் குழப்பும்.

ஹால்மார்க் நகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) சின்னம், 22கே916 போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட அடையாள எண்ணான எச்யுஐடி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். ‘கேடிஎம்’ என்பது காட்மியம் கலந்த பற்றவைப்பைக் குறித்தது. அது தரச்சான்று அல்ல.

7. மதிப்பு

பொன்னின் மதிப்பு என்பது எடையைத் தரத்தால் பெருக்கி, அன்றைய தூய பொன் விலையால் பெருக்குவது. 10 கிராம் 22 காரட் நகையில் தூய பொன் 9.16 கிராம். கல்லின் எடையை முதலில் கழிக்க வேண்டும். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம், வரி ஆகியவை விற்கும்போது திரும்பாது.

உள்ளே இருக்கும் பொன் வேறு, மதிப்பு வேறு என்பதற்குப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவான, தங்கவயலின் சயனைட் மேடுகளே சாட்சி. அங்கே சுமார் 3.3 கோடி டன் கழிவு குவிந்திருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால்கூட உள்ளே 33 டன் பொன் என்று கணக்கு வரும். ஆனால் அதைப் பிரித்தெடுக்கும் செலவையும், முழுவதும் கிடைக்காமல் போகும் பங்கையும், காற்றில் பறக்கும் தூசியால் அவ்வூர் மக்கள் படும் பாட்டையும் கழிக்காமல் அந்த எண்ணை மதிப்பு என்று சொல்வது நியாயமாகாது.

பழைய நகையை விற்கவோ அடகு வைக்கவோ போகிறவர்கள், முதலில் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற தரச்சோதனை மையத்தில் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். கடையில் மொத்த எடை, கல் கழித்த எடை, தரம், அன்றைய விலை நான்கையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் நகையைக் கொடுக்காதீர்கள்.