மூன்று கட்டடங்கள், ஒரே அரசிதழ் நாள்

தெலுக் ஆயர் ஸ்ட்ரீட் ஒரு காலத்தில் கடற்கரை என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். கடல் தூர்க்கப்படுவதற்கு முன் நம் சூலியா முன்னோர் கரையிறங்கிய இடம் அதுதான். 1826இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமியா பள்ளியை நிறுவினார்கள். மறு ஆண்டு தெலுக் ஆயரில் ஓலைக் குடிலாக அல் அப்ரார் பள்ளி எழுந்தது. 1828க்கும் 1830க்கும் இடையே, அதே தெருவில், நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாகத் தர்கா கட்டப்பட்டது. குடிலாகத் தொடங்கிய அல் அப்ரார், பெரியவர்களுக்கு இன்றும் 'குச்சுப் பள்ளி'தான்.

வியாபாரிகளான நமக்குப் பத்திரத்தின் அருமை தெரியும். தர்கா நிலம் 1827இல் காதர் பிள்ளை என்பவருக்கு வழங்கப்பட்டபோது, வேறெந்தக் காரியத்துக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. நம் கணக்கில் தர்காவுக்குக் கிடைத்த முதல் சட்டப் பாதுகாப்பு அந்த நிபந்தனையே. 1893இல் நீதிமன்ற உத்தரவுப்படி புதிய தர்மகர்த்தாக்கள் வந்தார்கள். பிறகு முஸ்லிம் இந்து அறக்கட்டளை வாரியம். 1968இல் முயிஸ் அமைந்த பின் வக்பு சொத்துகள் அதன் பொறுப்பில் வந்தன.

ஆனால் வக்பு சட்டம் மட்டும் போதுமா? எழுபதுகளில் நகரச் சீரமைப்பில் எத்தனையோ பழைய கடைவீடுகள் இடிபட்டன. அந்த நேரத்தில்தான், 1971இல் நடப்புக்கு வந்த நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 1974 நவம்பர் 19 அன்று ஜாமியா பள்ளி, அல் அப்ரார், நாகூர் தர்கா மூன்றும் ஒரே நாளில் தேசிய நினைவுச்சின்னங்களாக அரசிதழில் ஏறின. அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ இனி யாராலும் முடியாது.

இடிப்பதைத்தான் சட்டம் தடுத்தது, பழுதை அல்ல. தர்கா வலுவிழந்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. தேசியச் சின்னம் என்ற பலகை இருந்தும் வாசல் பூட்டிக் கிடந்ததை நம்மில் பலர் கடந்து போயிருக்கிறோம். பழுதுபார்க்கப்பட்டு 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறந்தது.

இம்மலருக்காகப் பழைய கடைக் கணக்கு, வாடகை ரசீது, கப்பல் டிக்கெட் எதையாவது தாருங்கள் என்று நம் உறுப்பினர் வீடுகளில் கேட்டோம். பெரும்பாலும் ஒரே பதில்: "வீடு மாறும்போது தூக்கிப் போட்டுட்டோம், தம்பி." மிஞ்சிய சிலவற்றைச் சங்க அலமாரியில் வைத்திருக்கிறோம். இன்னும் எவர் வீட்டிலாவது இருந்தால் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம்.